நோன்பு நாளில் நான் போட்ட தப்புக் கணக்கு

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நெஞ்சுவலிக்காகச் சென்ற ஆண்டிலிருந்து நாளுக்கு மூன்று வேளை மாத்திரை சாப்பிடுகிறேன். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாலைவரை தண்ணீர்கூட அருந்தாமல் நோன்பிருப்பது என் பழக்கம். மூன்று மாத்திரைகளையும் மாலைக் கஞ்சியோடு சேர்த்து விழுங்கினால் கணக்குச் சரியாகிவிடும் என்று நானாகவே முடிவுசெய்தேன். யாரையும் கேட்கவில்லை.

அப்படி விழுங்கிவிட்டு, சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு மனைவி ஆக்னஸைக் காரில் அழைத்துச் சென்றேன். கிளேபாங் அருகே தலை சுற்றிக் கண் இருண்டது. கார் சாலையோர லோங்காங்கில், அந்த ஆழமான வடிகாலில், இறங்கியது. எனக்குக் கீறல்கூட இல்லை. ஆக்னஸின் வலக்கை முறிந்துவிட்டது.

மூன்றும் சேர்ந்து இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிட்டதாக மருத்துவர் சொன்னார். கட்டுப்போட்ட கையோடு ஆக்னஸ் கேட்டாள்: “மூணு பீரியட ஒரே மணியில நடத்திட்டீங்களா, வாத்தியாரே?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பங்குத்தந்தையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “மருந்துக்குத் தண்ணி குடிச்சா நோன்பு முறியாது லா, சார். முன்னாலயே கேட்டிருக்கலாமே,” என்றார்.

இப்போது நோன்பு நாளிலும் மருத்துவர் சொன்ன நேரத்தில் ஒவ்வொன்றாகவே சாப்பிடுகிறேன். ஒரு வேளை தவறினாலும் அடுத்த வேளையில் சேர்த்து விழுங்குவதில்லை. ஆக்னஸால் இன்னும் அந்தக் கையால் குவளையைத் தூக்க முடியவில்லை. என் மாத்திரை நேரத்தில்தான் அவளுக்குத் தேநீர் கலக்கிக் கொடுக்கிறேன். அந்த நேரத்தை நான் தவறவிட மாட்டேன்.