எஸ்தர் பேசாத நாட்கள்

போன லெந்து தவக்கால நாட்களில் என் மனைவி எஸ்தர் பேச்சை இழந்தாள். என் பாவத்தால்தான் என்று நான் நம்பினேன். சகோதர சகோதரிகளே, அந்த நம்பிக்கையிலிருந்து கர்த்தர் என்னை விடுவித்த விதத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அன்று காலை ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். காஸ் சிலிண்டருக்குச் சொல்லியாயிற்றா என்று இரண்டாம் முறை கேட்டாள். "கொஞ்ச நேரம் பேசாம இருக்கியா?" என்று கத்தினேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போவன்பள்ளி மார்க்கெட் வாசலில் ஆட்டோ மோதியது. தலையின் வலது பக்கம் அடி.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். பேசவில்லை. "வலது கைப் பழக்கம்தானே? பேச்சு மூளையின் இடது பக்கம் இருக்கும். அடி வலது பக்கம். அதிர்ச்சிதான், சரியாகிவிடும்" என்றார்கள் டாக்டர்கள்.

எனக்கு வேறு காரணம் தெரியும். சண்டை போட்டால் எஸ்தர் பேசமாட்டாள். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள்தான் ஒப்புரவாவோம். மனஸ்தாபத்தோடு திருவிருந்துப் பந்திக்குப் போவதில்லை என்பது கல்யாணமான நாள் முதல் எங்கள் வழக்கம். அந்தச் சனிக்கிழமை அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, கவிதைபோல் எழுதி வைத்திருந்ததை வாசித்து மன்னிப்புக் கேட்டேன். எழுதவாவது செய் என்று பேனா கொடுத்தேன். கோணலாய் ஒரு கோடு. பேனாவை வீசினாள். சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

"பொயட்ரி எல்லாம் நக்கோப்பா, வேணாம், சிம்பிளா சாரி சொல்லுங்க" என்றாள் மகள் ஜெனி.

அந்த ஞாயிறு நான் பந்திக்குப் போகவில்லை. "ஆண்டவரே, அவள் மனதை இளக்கும்." தினமும் அதே ஜெபம். வானமும் எஸ்தரைப் போலவே இருந்தது.

மூன்றாம் வாரம், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து இன்னொரு ஸ்கேனுக்கு அனுப்பினார். கருவிக்குள் படுக்கவைத்து, படங்கள் காட்டி, மனதுக்குள் பெயர் சொல்லச் சொன்னார்கள். மூளையில் வேலை நடக்கும் இடம் நிறமாய்த் தெரியுமாம். இடது பக்கம் இருண்டிருந்தது. வலது பக்கம், காயத்தின் ஓரம் முழுக்க, சின்னச் சின்ன நிறங்கள்.

"வலது கைக்காரர்களிலும் மிகச் சிலருக்குப் பேச்சு வலது பக்கம் அமைந்துவிடும். இவங்களுக்கு அங்கேயே அடி. எழுத்தும் அதோடு போயிருக்கு" என்றார் டாக்டர்.

"என் மேல கோபம் இல்லையா டாக்டர்?" கேட்டேவிட்டேன்.

அவர் என்னை விநோதமாய்ப் பார்த்தார். திரையைத் தொட்டுக் காட்டினார். "கோபமா? இங்க பாருங்க சார். வார்த்தையைத் தேடுறாங்க."

வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன். கல்லாகாத இருதயத்தை இளக்கச் சொல்லி அல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்! என் அறியாமைக்கும் சேர்த்துக் கர்த்தர் பதில் சொன்னார்.

அன்றிலிருந்து அதற்கேற்ற பயிற்சி. மாதங்கள் போயின. ஒரு சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவளுக்காக வேண்ட வந்து, பாதியில் நின்றுவிட்டேன். எஸ்தரின் கை என் முழங்காலில் விழுந்தது. "பே... பேசு... ங்க" என்றாள்.

இன்றும் அவளிடம் இருப்பவை கொஞ்ச வார்த்தைகள்தான். அவற்றுக்காக நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். பிரியமானவர்களே, பரலோகம் மௌனமாயிருக்கும்போது அதைக் கோபம் என்று என்னைப்போல் எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள். பாதியில் நின்றுபோன ஜெபம் உங்களிடமும் இருக்கும். பேசுங்கள்.