சங்கத்தில் சுடுகிறவள்

எங்கள் நீலசந்திராவில் எந்தப் பேச்சும் ஒரு வீட்டோடு நிற்காது. அப்படிப்பட்ட தெருவில் பக்கத்து வீட்டு சங்கமித்ரா சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் ஒரு வருஷமாக யாரும் கிளறவில்லை. ஒரு ஞாயிறு காலை அவள் மாமியார் லட்சுமம்மா, "எங்கடி கிளம்பிட்ட?" என்று கேட்டார். இவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "சங்கத்துல சுடப் போறேன் அத்தை," என்றாள்.

பொய்யே இல்லை. அவள் சொன்னது காக்ஸ் டவுன் பக்கம் இருக்கும் துப்பாக்கி சுடும் சங்கத்தை. ஆனால் புத்தரைக் கும்பிடுகிற அந்த வீட்டில் சங்கம் என்றால் பௌத்த சங்கம்தான். அங்கே ஞாயிறு பூஜைக்கு வருகிறவர்களுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுப்பார்கள். "நல்லதுடி, புண்ணியம். எனக்கும் நாலு எடுத்தாந்து குடு," என்று மாமியார் அனுப்பிவைத்தார். கால் முறிந்து ஆறியதிலிருந்து அவருக்கு வாசல் வரைதான் நடை. சங்கத்துக்குப் போய்ப் பார்க்க வழியில்லை.

"அடிப்பாவி, அப்பவே திருத்திச் சொல்லக் கூடாதா?" என்று திட்டினேன்.

"உயிரைக் கொல்லக் கூடாதுன்னு தினம் காலைல சொல்லிட்டு எழுந்திரிக்கிறவங்க எங்க அத்தை, விஜி அக்கா. துப்பாக்கின்னு காதுல விழுந்தா போதும், அன்னிக்கோட குளோஸ்," என்றாள்.

அன்றிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் முக்குக் கடையில் பணியாரம் வாங்கி, சம்படத்தில் மாற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

சங்கமித்ராவுக்கு ஐடி கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி வேலை. உள்ளே போகிற பெண்களின் பைகளைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனி விளையாட்டு விழாவில், அந்தச் சுடும் சங்கத்தை நடத்தும் டேரில் என்பவர் ஏர் பிஸ்டலும் காகித இலக்குமாகக் கடை போட்டிருந்தார். இவளுக்கு அங்கே காவல். கூட்டம் கலைந்ததும், "கமான் மா, நீயும் ஒண்ணு போடு," என்றாராம். பிஸ்டலை வாங்கி நீட்டினாள். நாள் முழுக்க நின்று பழகிய கால் ஆடாமல் நின்றது. மூச்சை விட்டாள், விரலை மெதுவாக இழுத்தாள். கறுப்பு வட்டத்தின் நடுவில் ஓட்டை.

"அந்த ஒரு நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடல அக்கா. உள்ளே அவ்ளோ அமைதி. அது திரும்பத் திரும்ப வேணும்னு இருக்கு," என்று என்னிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர். ஒரு காகித ஓட்டைக்கு இவ்வளவா என்று நினைத்தேன். ஆனால் ஞாயிறு மதியம் அவள் தெருவில் திரும்பி வரும் முகத்தைப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

டேரிலின் சங்கத்தில் காலையில் சீக்கிரம் போய்க் கூடத்தைப் பெருக்கி நாற்காலி போடுவது இவள். அதற்குப் பதில் பயிற்சி இலவசம். சுடுகிறவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மா, அப்பா, புருஷன் வந்து உட்காரும் நாற்காலிகள் அவை. தன் இடத்துக்குப் பின்னாலும் ஒன்று போட்டுக்கொள்வாள். அதில் வந்து உட்கார்ந்ததெல்லாம் அவள் கைப்பைதான்.

புருஷன் உமேஷ் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்கு விஷயம் தெரியும். "பொருட்காட்சில பலூன் சுடற மாதிரிதானே, அதைப் போய் இன்னா பாக்கறது," என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான். கும்பகர்ணன்! நான் ஒரு முறை போனேன். எல்லாரும் மூச்சடக்கி நிற்கும் நேரம் பார்த்துத் தும்மித் தொலைத்தேன். அது கிடக்கட்டும், நான் போனாலும் பக்கத்து வீட்டுக்காரிதானே. தாயில்லாமல் வளர்ந்தவள் அவள். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு தலை தானாகப் பின்னால் திரும்புவதை அன்றைக்கு நான் பார்த்தேன். வீட்டு மனுஷி ஒருத்தி அங்கே உட்கார மாட்டாளா என்று ஏங்கினாள்.

மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். அடுத்த ஞாயிறு, அதே கூடத்தில். பேப்பரில் பேர் வரும், இனி மறைக்க முடியாது, அத்தை வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள். தோசைமாவு கொடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே நுழைந்தேன்.

சம்படத்தை மாமியார் முன்னால் வைத்தாள். "அத்தை, நான் சுடறது பணியாரம் இல்ல. துப்பாக்கி," என்றாள்.

லட்சுமம்மா ஒரு பணியாரத்தை எடுத்துப் பிட்டார். "உயிரு எதுனா போவுதா?"

"ஐயோ, இல்ல அத்தை. வெறும் காகிதம்."

"அப்ப சரி." வாயில் போட்டு மென்றார். "முக்குக் கடைக்காரன் இன்னிக்கும் சோம்பை அள்ளிக் கொட்டிருக்கான்."

நான் மாவுப் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தேன். சங்கமித்ரா திக்கித் திக்கிக் கேட்டாள். "உங்களுக்கு… முன்னாலயே தெரியுமா?"

"வருஷம் பூரா சுடற. ஒரு நாளாவது உன் கையில எண்ணெய் வாசனை அடிச்சுதாடி? இரும்பு வாசனைதானே வருது!"

"அப்புறம் ஏன் அத்தை ஒரு வார்த்தை கேக்கல?"

"எங்கியோ போற. திரும்பி வரும்போது மூஞ்சி தெளிவா இருக்குது. கேட்டா பயந்துனு வுட்டுருவியோன்னுதான் கம்முனு துன்னுனு இருந்தேன். எனக்கு சோம்பு ஆவவே ஆவாது."

சங்கமித்ரா தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிழவி அவள் தலையைத் தடவிக்கொண்டே, உள்ளே தூங்குகிற மகனுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"டேய் உமேஷு, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட்டோவை எனக்கு எடுத்து வைடா." பிறகு மருமகளிடம் குனிந்தார். "எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாதுடி. அங்க உக்கார நாற்காலி இருக்குமா?"

"இருக்குது அத்தை," என்றாள் சங்கமித்ரா, முகத்தை எடுக்காமலே. "காலியாதான் இருக்குது."