குறுக்குத்துறைக் கப்பல் பள்ளிக்கூடம்

சுண்டுவிரலை நாவில் நனைத்துத் தலைக்கு மேல் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார் அகமது மீரான். காற்று எந்தப் பக்கம் என்று விரல் சொல்லும் வரை வாய் திறக்க மாட்டார். சொல்லிவிட்டால் பிறகு மூட மாட்டார்.

காயல்பட்டினத்துக்காரர். இருபது வருஷம் கொழும்புத் தோணி ஓட்டியவர். இப்போது வக்கீல்கள் சிலர் சேர்ந்து குறுக்குத்துறை ஆற்று மணலில் வைத்திருக்கும் கப்பல் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கப்பல் கிடையாது. மணலில் நட்ட மூங்கில்தான் பாய்மரம். மாணாக்கர் எட்டுப் பேர். ஒருவனும் கடலைப் பார்த்ததில்லை.

கடல் மயக்கம் தெளிய மருதமரத்தில் ஊஞ்சல். புளியோதரை தின்னச் செய்து, ஏற்றி உட்கார்த்தி, கையில் கயிற்றைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்லி ஆட்டுவார்.

"கக்குதவன் கக்குலே! முடிச்ச மட்டும் விட்டுராத!"

"அண்ணாச்சி, பூமி சுத்துதே!" என்று குற்றாலலிங்கம் அலறுவான்.

"அது என்னைக்கும் சுத்துததுதான். நீ ஒன் வேலையப் பாருலே!"

குளிக்க வந்த எருமைகளும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

போன மாசியில் தூத்துக்குடிக் கடற்கரையில் கப்பலுக்கு ஆள் எடுத்தார்கள். ஒருவனாவது தேறாவிட்டால் பள்ளியை மூடிவிடுவதாக வக்கீல்கள் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்குக் கணக்கு எழுதும் நானும் வருகைப் புத்தகத்தோடு போனேன்.

உச்சி வெயிலில் எட்டுப் பேரும் சோதனைப் படகைத் தள்ள அலையில் இறங்கினார்கள். எங்கள் ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம். தண்ணீரில் கால் வைத்தால் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் மறு வேலை. எட்டுப் பேரும் குனிந்தார்கள், அள்ளினார்கள், குடித்தார்கள். எட்டு வாயிலிருந்தும் எட்டு ஊற்று கிளம்பியது.

"ஏலே, உப்புலே!" என்று கூவினான் பாளையங்கோட்டைப் பாக்கியசீலன், புதிதாகக் கண்டுபிடித்தவனைப் போல. நான் வருகைப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஆள் எடுக்க வந்த கப்பல்காரர் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். "கடல் உப்புன்னு தெரியாதவனுவளயா கொண்டாந்தீரு? திரும்பக் கூட்டிட்டுப் போம்வே!"

அகமது மீரான் கைலியை மடித்துக் கட்டினார். பைய அலையில் இறங்கினார். இரு கையாலும் அள்ளி, ஒரு மடக்கு, இரண்டு மடக்கு, மூன்று மடக்கு. முகம் கோணவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்க பள்ளிக்கூடத்து வழக்கம். எறங்குத கடல மொதல்ல ருசி பாத்துக்கிடுவோம்" என்றார் கப்பல்காரரிடம். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "என்னலே பாத்துட்டு நிக்கிய? தள்ளுங்கலே!"

தள்ளினார்கள். மூன்று பேரை எடுத்துக்கொண்டார்கள். பள்ளி நடக்கிறது.

பிள்ளைகள் தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அன்று விடியலிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் அவர் நோன்பு வைத்திருந்தார் என்பதை, மேலப்பாளையத்தில் இருக்கும் அவர் மச்சான் நேற்றுத்தான் எனக்குச் சொன்னார்.