லோகா அக்காவின் கை பட்ட இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை. சுங்கைப் பட்டாணியில் எங்கள் கடைவீட்டு மாடியில் குதிரைச் சவாரிக்காரர்கள் பெரிய பந்துகளின் மேல் உட்கார்ந்து, இடுப்பு ஆடாமல் கைகளை உயர்த்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். சுங்கை லாலாங் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் மணியம் அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். "தங்கச்சி, லோகா போயிடுச்சும்மா. காலையில நெஞ்சு வலின்னுச்சாம்." நான் சொன்னதும் எல்லோரும் பார்த்தது என்னையல்ல, பக்கத்தில் லோகா அக்கா அறையின் மூடிய கதவை. அந்த நேரத்திலும் அது எனக்கு உறுத்தியது.

அவரை அறிந்த உங்களுக்கு நான் எழுதுவது புதிதாக இருக்காது. மாடியை நாங்கள் இருவரும் பகிர்ந்துகொண்டோம். ஓர் அறையில் நான் பிலாட்டீஸ் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பேன். மறு அறையில் அவர் இறுகிய தசைகளைக் கையால் இளக்குவார். வருகிறவர்கள் இருவரிடமும்தான் வந்தார்கள், ஆனால் பேர் அவருக்கே போனது. 'எங்கே வலி?' என்று அவர் கேட்டதே இல்லை. "குதிர எந்தப் பக்கம் சாயுது?" என்பார்.

வங்கியில் வேலை செய்யும் திவ்யா ஏறினால் குதிரை வலப்பக்கமாகவே ஒதுங்கும். இருபுறமும் சமமாக எடை வைத்து உட்கார அவளைப் பழக்குவதில் எனக்கு மாதங்கள் கழிந்தன. பந்தின் மேல் சரியாக உட்காருவாள், குதிரை மேல் பழைய சாய்வுதான். ஒரு பிற்பகல் அக்கா அவள் உள்தொடையில் ஓர் இறுக்கத்தைக் கண்டுபிடித்து, அவசரமில்லாமல் இளக்கிவிட்டார். அடுத்த வாரம் குதிரை நேராகப் போனது. திவ்யா மாடியேறி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "ஒங்க கை மந்திரக் கை லா, அக்கா!" பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "டீச்சர், எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுங்களேன்."

எடுத்தேன். நன்றாகவே வந்தது.

"நான் இளக்கித்தான் விட்டேன் தங்கச்சி. அந்தப் பொண்ணு நேரா ஒக்கார்றது ஒன் வேல" என்றார் அக்கா பின்னர். உண்மைதான். ஆனால் அந்தக் கை எனக்கு வாய்த்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தத் தாராள மனசும் அவருக்கே இருந்தது என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

என்னையும் கூப்பிடுவார். "வா, படு. ஒன் கழுத்து கல்லாட்டம் இருக்கு."

"எனக்கு வலியெல்லாம் இல்லக்கா."

"சக்கிட் இல்லாத கழுத்தா அது? திமிரு லா ஒனக்கு!"

சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒருமுறை படுத்தால் என் உடம்பே அவர் திறமைக்குச் சாட்சி சொல்லிவிடும். படுக்கவே இல்லை.

திகாம் பத்துவில் அவர் வீட்டின் முன் கூடாரம் போட்டிருந்தார்கள். வாசலில் செருப்புகளோடு சவாரிக் காலணிகளும் கிடந்தன. "எனக்கு இங்க, தோள்பட்டைக்குக் கீழ." "எனக்கு இடுப்புல." ஒவ்வொருவரும் தம் உடம்பில் அந்தக் கை பட்ட இடத்தைத் தொட்டுக் காட்டி அழுதார்கள். ஏதோ சொத்து எழுதிக் கொடுத்ததைப் போல. திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒங்களுக்கு எங்க டீச்சர்?"

காட்ட எனக்கு இடமில்லை.

திரும்பும் வழியில் லாயத்தில் வண்டியை நிறுத்தினேன். திவ்யா ஓட்டும் பழுப்புப் பெட்டைக் குதிரை தடுப்புக்கு மேல் தலையை நீட்டியது. சவாரிக்காரர் சாய்ந்தால் குதிரையின் முதுகும் ஒரு பக்கம் இறுகும். அதனால் ஆளைத் தொடுவதற்கு முன் குதிரையைத் தொட்டுப் பார்ப்பது அக்காவின் வழக்கம். திவ்யாவுக்காக இங்கே வந்த அன்று என்னையும் இழுத்து வந்திருந்தார். என் உள்ளங்கையை இதன் முதுகில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தார். நான் அழுத்தினேன்.

"ஏய், ரொட்டி சானாய்க்கா மாவு பெசையிற? கைய வெச்சிட்டுச் சும்மா இரு. அதுவா எளகும்."

இளகியது. குதிரை பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது. அதுவரை அவர் கை என் புறங்கையின் மேலேயே இருந்தது, சூடாக, கனமில்லாமல்.

திவ்யாவிடம் இனி நானும் காட்டுவேன்: இங்கே, வலது புறங்கையில். யாருடைய முதுகில் கை வைத்தாலும் அந்த அளவுக்கு மேல் அழுத்துவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

ஆனால் அன்று அவர் என் கை வழியாகத் தேடியது என்னையல்ல, குதிரையின் இறுக்கத்தை. அந்தப் பழுப்புக் குதிரை மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.