கடைசி சைக்கிளுக்குப் பின்னால்

தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பணியாளர் பஸ் ஓட்டுகிறார். காலை ஷிப்டுக்கு நின்றுகொண்டே டீ குடித்தபடி வருகிறவர்களின் சட்டையில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. நடுரோட்டில் நாய் படுத்திருந்தால் அது தூங்கி எழும்வரை காத்திருப்பார் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதல். இரண்டு நிமிஷம் காத்திருப்பார், அப்புறம் இறங்கிப் போய் அதனிடம் பேசுவார்.

இந்த நிதானத்துக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், அவர் மனைவி, நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த ஒரு டாக்டர். தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாது என்பதற்காகவே இரண்டு பஸ் மாறிப் போகும் டாக்டரைப் பிடித்திருந்தார். மாத்திரையைப் பழைய சத்து மாத்திரை பாட்டில் ஒன்றில் போட்டு வைத்திருந்தார். தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். பத்து நாள் முன்னாலேயே நோட்டீஸ் ஒட்டிவிடுவது அவர்கள் வழக்கம். அந்தப் பத்து நாளும் அவரைப் போல ஒழுக்கமான நோயாளியை எங்கேயும் பார்க்க முடியாது. பதினோராம் நாள் ஜிலேபிக்காரர் அவரைப் பார்த்துச் சிரிப்பார்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், வண்டியைப் பிடுங்கிவிட்டால் உட்காரவைக்கிற வாசல் கேட்டுக்குப் பயந்துதான். தொழிற்சாலை வாசலில் ஒரு ஸ்டூல், ஒரு மேஜை, ஒரு நோட்டு. அந்த ஸ்டூலில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவரும் ஒரு காலத்தில் டிரைவர்தான், நிதானத்துக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். ஒருநாள் காலை வேர்த்து விறுவிறுத்து, நாக்குக் குழறி, பஸ்ஸைக் கொண்டுபோய் கேன்டீன் சுவரில் சாத்தினார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. விடியற்காலையிலேயே தண்ணி போட்டிருக்கிறான் என்றார்கள். அவரும் ஆமாம் என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து, மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு போகும் வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதுவது அவர் வேலை. நிதானம் தினமும் பஸ்ஸைக் கேட்டில் நிறுத்தும்போது அந்த முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைச் சரி செய்வார். எப்போதும் சரியாகவே இருந்த கண்ணாடி அது.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நாற்பது பேர் ஆறு நாளில் அறுநூறு கிலோமீட்டர் சைக்கிளில் போகிறார்களாம். ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பணம் தருவதாக ஆட்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். நம் தரப்பில் ஒரு வேனும் ஒரு டிரைவரும்.

"உன்ன விட்டா யாருய்யா இருக்கா?" என்றார் மேனேஜர். "பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல ஆறு நாள் ஓட்டணும். மத்தவனுங்கன்னா மூணாவது நாளே பைத்தியம் பிடிச்சிடும்."

நிதானம் அந்த நோயின் பெயரை முதல் தடவையாகக் கேட்பவர் போலத் தலையாட்டினார். முகத்தில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் மனைவி பையில் துணி அடுக்கியபடி சொன்னாள். "சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை. மாத்திரையப் போட்டுட்டு சாப்பாட்டத் தேடாதீங்க. காதுல விழுதா?"

"ஏழரைக்குப் போடணும், அவ்வளவுதானே."

"மணியப் பாக்காதீங்க, தட்டப் பாருங்க."

மணி பார்த்தே ஐம்பத்து மூன்று வயதான மனுஷனிடம் இதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

சைக்கிள்காரர்களுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். தொடை தெரிய இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு, நோயாளியின் வாயைப் பார்த்துப் பேசுகிறவர் போலவே எல்லோரிடமும் பேசினார். வேனில் ரொட்டி, வாழைப்பழம், அவித்த முட்டை, டியூப், பம்ப், முதலுதவிப் பெட்டி, இவற்றோடு இரண்டு மூட்டை குளுக்கோஸ் பவுடர். சர்க்கரை நோயை ஒழிக்கப் போகிற வண்டியில் இவ்வளவு சர்க்கரையா என்று நிதானம் நினைத்தார், கேட்கவில்லை.

ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சிவப்புப் பட்டைகளும் இருந்தன. நாற்பது பேரில் பதினோரு பேருக்குச் சர்க்கரை. அவர்கள் இடது கையில் பட்டை கட்டியாக வேண்டும். பட்டையில் அச்சடித்திருந்தது: "நான் விழுந்தால் முதலில் சர்க்கரை கொடுங்கள். பேச்செல்லாம் பிறகு." பட்டைகளைக் கொடுக்கிற வேலை நிதானத்துக்கு வந்தது. பதினோரு பட்டையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை டேஷ்போர்டு அறையில் போட்டு மூடினார்.

"அண்ணே, உங்களுக்கு ஏதாவது இருக்கா? சுகர், பிரஷர்?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"ஒண்ணும் இல்ல சார்." வண்டியை மறிக்கும் போலீஸ்காரரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

"நல்லது. ஒரே ஒரு ரூல்தான். வேன் எப்பவும் கடைசி சைக்கிளுக்குப் பின்னாடி. யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது."

கடைசி சைக்கிள் யார் என்று முதல் மணி நேரத்திலேயே முடிவாகிவிட்டது. ஒரு கணக்கு டீச்சர். நாற்பது வயதிருக்கும். பதினோரு வயதிலிருந்து சர்க்கரை, அன்றிலிருந்து ஊசி. நிற்கிற இடத்திலெல்லாம் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மீட்டரில் வைத்து, நம்பரை உரக்கப் படித்துவிட்டு ஏறுவார். ஏதோ கடைத்தெருவில் காய்கறி விலை கேட்கிற மாதிரி. நாலு பேர் பார்க்க இப்படி விரலைக் குத்துகிற ஆளை நிதானம் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஓட்டம் அவருக்குப் பிடித்துப் போனது. டீச்சரின் முதுகு, சிவப்புப் பட்டை, முன்னால் ரோடு. மேட்டில் டீச்சர் திணறினால் வேனும் முதல் கியரில் கூடவே திணறும். தனக்காகவே கண்டுபிடித்த வேலை என்று மனைவிக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

மூன்றாம் நாள் டீச்சர் ஒரு மரத்தடியில் நின்றார். "அண்ணே, நீங்க நிறையத் தண்ணி குடிக்கிறீங்க."

"வெயில் டீச்சர்."

"மழை பெய்யுதுண்ணே."

நிதானம் ஆகாயத்தைப் பார்த்தார். பெய்துகொண்டுதான் இருந்தது. வைப்பரைப் போட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்.

நாலாம் நாள் சாயங்காலம் டீச்சருக்குக் கோபம் வந்தது. தினமும் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் குளித்து முடித்து, செருப்பு மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று கைதட்டுவார்கள். "கைதட்டிட்டுப் போகட்டும். 'பரவால்ல, முடிச்சிட்டீங்களே'ன்னு ஒரு மூஞ்சி வைக்கிறாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல," என்றார் வேனில் சைக்கிளைச் சாய்த்தபடி. "நாளைக்குப் பாருங்கண்ணே."

ஐந்தாம் நாள் எல்லோரும் எழுந்திருக்கும் முன்பே டீச்சர் கிளம்பிவிட்டார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த நிதானம் அவர் போவதைப் பார்த்தார். சட்டென்று துணியைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துப் பின்னாலேயே போனார். கடைசி சைக்கிளுக்குப் பின்னால் வேன் என்பது ரூல். நாலு நாளில் அது டீச்சருக்குப் பின்னால் வேன் என்று அவர் மண்டையில் ஏறியிருந்தது. அன்று டீச்சர்தான் முதல் சைக்கிள் என்பது உறைக்கவே இல்லை. பின்னால் தங்குமிடத்தில் முப்பத்தொன்பது பேர், ஒரு முட்டைகூட இல்லாமல், காலித் தட்டோடு நின்றார்கள். பல் டாக்டர் பன்னிரண்டு தடவை போன் பண்ணினார். வண்டி ஓட்டும்போது நிதானம் போன் எடுப்பதில்லை.

ஏழரைக்கு மாத்திரையைப் போட்டார். டீச்சர் தன் பையிலிருந்த பிஸ்கட்டை மென்றபடி, நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நிற்காததால் நிதானமும் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் எண்பது முட்டை, ஆறு சீப்பு வாழைப்பழம், இரண்டு மூட்டை குளுக்கோஸ். ஒன்றையும் தொடவில்லை. ஏற்றின சரக்கில் கை வைப்பதில்லை என்பது இருபத்தாறு வருஷப் பழக்கம்.

ஒன்பது மணிக்கு ஒரு நீண்ட மேடு வந்தது. பாதி மேட்டில் சிவப்புப் பட்டை இரண்டாகத் தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை ஸ்டியரிங்கில் தானாக நடுங்கியது. புத்தி கலங்குவதற்கு முன் கை தன் வேலையைச் செய்துவிட்டது: ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு விளக்கையும் சிமிட்ட விட்டு, இறங்கிப் போய் பின் சக்கரத்துக்குக் கல்லும் வைத்தார். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது மறந்து போனது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த இன்னொரு கல்லைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

டீச்சர் மேட்டின் உச்சியில் திரும்பிப் பார்த்தார். வேனைக் காணோம். வேனையே தோற்கடித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாராம், பிறகு சொன்னார். அடுத்த நிமிஷம் சந்தோஷம் போய்விட்டது. ஐந்து நாளாக முதுகுக்குப் பின்னால் கேட்ட வேன் சத்தம் இப்போது இல்லை. ஏறின மேட்டையெல்லாம் திரும்ப இறங்கினார்.

கல் துடைக்கிறவரைப் பார்த்ததும் டீச்சருக்குப் புரிந்துவிட்டது. "விரல நீட்டுங்க."

"எனக்கு... ஒண்ணும்... இல்ல டீச்சர்," என்றார் நிதானம். நாக்குக் குழறியது.

"நீட்டுங்கண்ணே!" பள்ளிக்கூடத்துக் குரல். விரல் தானாக நீண்டது. குத்தினார். "நாப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழ போகவே கூடாது," என்று உரக்கப் படித்தார். குளுக்கோஸ் மூட்டையைச் சாவியால் கிழித்து, தண்ணீரில் அள்ளிப் போட்டுக் கலக்கி, தம்ளரை வாயில் வைத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினார். அப்புறம் ரொட்டி, இரண்டு முட்டை. உலகம் மெல்லத் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். கேட்ல உக்கார வச்சிடுவாங்க."

"நான் ஏன் சொல்றேன்?" டீச்சர் மீட்டரைப் பைக்குள் வைத்தார். "ஆனா ஒண்ணு. நீங்க வேன் ஓட்டிட்டுப் பின்னாடி வந்தா, முன்னாடி நான் ஓட்ட மாட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குண்ணே."

நிதானம் வேனைப் பார்த்தார். டீச்சரின் முதுகு நினைவுக்கு வந்தது. கை ஓரம் கட்டாமல் போயிருந்தால் என்று நினைத்தார், அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு டீ குடிக்கிற ஐம்பது பேரும் நினைவுக்கு வந்தார்கள். அழுகை முட்டியது. ஐம்பத்து மூன்று வயதில், ரோட்டோரத்தில், முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

கீழேயிருந்து முப்பத்தொன்பது பேரும் பசியோடும் கோபத்தோடும் ஏறி வந்தார்கள். பல் டாக்டர் சைக்கிளைவிட்டு இறங்கி வாயைத் திறப்பதற்குள் நிதானம் எழுந்து டேஷ்போர்டு அறையைத் திறந்தார். ஒரு சிவப்புப் பட்டையை எடுத்து இடது கையில் கட்டினார். ஒற்றைக் கையால் முடிச்சு விழவில்லை, டீச்சர் போட்டுவிட்டார். பிறகு சாவியைப் பல் டாக்டரிடம் நீட்டினார்.

"நாலு வருஷமா இருக்கு சார். பொய் சொல்லிட்டேன். இனிமே நீங்க ஓட்டுங்க."

பல் டாக்டர் பட்டையைப் பார்த்தார், சாவியை வாங்கினார். "அப்ப என் சைக்கிள யாரு ஓட்டுறது? கிலோமீட்டர் குறையும்," என்றார்.

அப்படித்தான் நிதானம் சைக்கிளில் ஏறினார். சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மூன்று தடவை விரலைக் குத்தி, டீச்சர் சரி என்ற பிறகு. மேடு முழுவதும் தள்ளிக்கொண்டு போனார். அன்று கடைசி சைக்கிள் அவர். முன்னால் போன டீச்சர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் ஒரு ஆள் வருவதைப் பார்க்க அவருக்கு அலுக்கவே இல்லை. பின்னால் பல் டாக்டர் கியர் மாற்றிய அழகைக் கேட்டு நிதானம் பல்லைக் கடித்துக்கொண்டார். சாயங்காலம் எல்லோரும் வாசலில் நின்று கைதட்டி, அந்த மூஞ்சியை வைத்தார்கள். டீச்சரும் வைத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் மேனேஜரிடம் தானே போய்ச் சொன்னார். மேனேஜர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டினார். மூன்று மாதம் வண்டி கிடையாது, டாக்டர் கடிதம் கொண்டுவந்தால் பார்க்கலாம், அதுவரை கேட்டில் இருக்கட்டும் என்றார். பயந்தது அப்படியே நடந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, "உசுரோட வந்தீங்கல்ல, தட்ட எடுங்க," என்றாள்.

மறுநாள் காலை கேட்டில் இன்னொரு ஸ்டூல் போட்டார்கள். பழைய டிரைவர் நோட்டை நகர்த்தி இடம் விட்டார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நிதானத்தின் கையில் பட்டை இருந்தது. பழையவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வேர்க்குமா?" என்று கேட்டார்.

"தொப்பலா நனைஞ்சிடும்ணே."

"நாக்கு குழறுமா?"

"ஆமா."

ஒரு பஸ் உள்ளே வந்தது. பழையவர் நம்பரை எழுதினார். எழுதி முடித்துவிட்டு நோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்கு நான் குடிக்கல. வெறும் வயித்துல மாத்திரை. குடின்னு சொன்னா, விட்டுடுறேன்னு எழுதி வாங்கிட்டு வண்டியக் குடுத்துடுவாங்க, நோய்னா குடுக்க மாட்டாங்கன்னு கணக்குப் போட்டேன். நான் இதுவரைக்கும் ஒரு சொட்டு தொட்டதில்லடா."

 எட்டு வருஷமாகக் கண்ணாடியைச் சரி செய்தது நிதானத்துக்கு நினைவுக்கு வந்தது. "வீட்ல அண்ணிக்காவது சொன்னீங்களா?"

"சுகர் இருக்கிறதே அவளுக்குத் தெரியாது. குடிச்சிட்டு வேலையத் தொலைச்சவன்னு மூணு வருஷம் பேசல. இப்ப பேசுறா. சாயங்காலம் உள்ள வந்ததும் வாய மோந்து பாத்துட்டுத்தான் பேசுறா."

அடுத்த பஸ் வந்து நின்றது. அதன் நம்பரை எழுத பழையவர் பேனாவை எடுக்கவில்லை. நிதானத்தின் கைப்பட்டையை விரலால் தொட்டார்.

"இதுல இன்னொண்ணு கிடைக்குமா?"

"எத்தனை வேணும்னாலும் இருக்குண்ணே. கட்டிக்கப் போறீங்களா?"

"கட்டிக்கிறது அப்புறம்," என்றார் பழையவர். "வீட்ல காட்டணும்."