அம்மாவின் கட்டைவிரல்

வங்கி வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து குளிர்காற்று முகத்தில் அடித்தபோது, இது செருப்போடு நுழையக்கூடிய இடமில்லை என்று தோன்றிவிட்டது. தரையில் முகம் தெரிந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தணிந்த குரலில் பேசினார்கள். கூரையிலிருந்து ஒரு பெண்குரல் மலாயில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணுக்குரியவர் உடனே எழுந்து போனார். கோயிலில்கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு அடக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா என் வெறுங்காலைப் பார்த்துவிட்டார். தமிழர்தான்.

“பாப்பா, இது பேங்க் லா. செருப்ப வெளிய விட்டா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். போய் மாட்டிக்கிட்டு வா.”

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி, பரீட்சை எழுத வந்தவர்போல நின்றார். அப்பாவும் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். காலில் மட்டும் ரப்பர் சிலிப்பர். கொஞ்ச நாளாகவே அவர் பாதம் வீங்கியிருந்தது, சப்பாத்துக்குள் நுழையவில்லை. எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

நாங்கள் வந்தது அம்மாவுக்குக் கணக்கு திறக்க. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அம்மா பாத்திரம் கழுவும் வேலை பார்த்தார். அதுவரை சம்பளத்தை முதலாளி கையில் கொடுத்து வந்தார். கடை அவர் மகன் கைக்கு வந்ததும், இனிமேல் எல்லாருக்கும் பேங்கில்தான் என்று சொல்லிவிட்டான். அக்கவுண்ட் இல்லாதவர்கள் வீட்டில் யாருடைய நம்பரைக் கொடுத்தாலும் சரி என்றும் சொன்னான். அப்பா லோரி ஓட்டுபவர், அவருக்குக் கணக்கு இருந்தது. அந்த நம்பரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. அம்மாவும் அதைத்தான் விரும்பினார். அப்பா ஒப்புக்கொள்ளவே இல்லை. “ஒம் பேருல ஒன்னு இருக்கணும்,” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் என்று கேட்டால், “இருக்கணும்” என்பார்.

எங்கள் எண் வந்தது. முகப்பில் இருந்த மலாய்க்கார அக்கா அம்மாவின் அடையாள அட்டையை, அந்த ஐசியை, ஒரு சிறு பெட்டிக்குள் செருகி, அதன் தலையில் சிவப்பாக மின்னிய கண்ணாடியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். ஐசிக்குள் இருக்கும் ரேகையும் விரலில் இருக்கும் ரேகையும் ஒன்றுதானா என்று பெட்டி பார்க்குமாம். அப்பா என் காதில் சொன்னதும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஓர் ஆளைத் தொட்டுப்பார்த்தே யாரென்று சொல்லும் பெட்டி!

பெட்டி அம்மாவைத் தெரியாது என்று சொல்லிவிட்டது.

“செகாலி லாகி, காக்,” என்றார் அந்த அக்கா, இன்னும் ஒருமுறை வைக்கச் சொல்லி. வைத்தார். மறுபடி திரையில் சிவப்புப் பெருக்கல் குறி. இடது கையையும் பார்த்தார்கள். ஈரத்தாளால் துடைத்துப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்த ஜாகா, பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்தார். “அக்கா, மூக்குல நல்லா தேய்ச்சிட்டு வைங்க. எண்ணெ பட்டா புடிச்சிரும்.” அம்மா, தீபாவளிச் சேலையும் தலையில் பூவுமாக, வங்கி நடுவில் மூக்கைத் தேய்த்தார். பெட்டி அசரவில்லை.

இவ்வளவு பெரிய இடத்தில் இருக்கும் பெட்டி பொய் சொல்லுமா? அப்படியானால் இவர் யார்? நான் யார் வீட்டுப் பிள்ளை? அம்மாவின் சேலை நுனியைப் பிடித்திருந்த கையை எடுப்பதா வேண்டாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

அந்த அக்கா அம்மாவின் விரலைத் திருப்பிப் பார்த்து, என்ன வேலை என்று கேட்டார். சோப்புத் தண்ணீரிலும் கம்பிப் பஞ்சிலும் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது, கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு கொடுத்தால் வளர்ந்துவிடும் என்றார். பிறகு, கணவருக்குத்தான் கணக்கு இருக்கிறதே, எதற்கு இவ்வளவு கஷ்டம் என்றும் நல்ல மனதோடு கேட்டார்.

“அவங்க சொல்றதுதாங்க சரி. ஒங்க நம்பரையே குடுத்துருவோமே,” என்றார் அம்மா.

“ரேகதானே? வளர்த்துக்குவோம்,” என்றார் அப்பா. மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ஃபிளாட்டில் நடந்தவற்றை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. அம்மா கடைக்கு லீவு சொல்லிவிட்டார். வீட்டிலும் தண்ணீரைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அதுவரை குடித்த கோப்பையை எடுத்துவைத்தறியாத மனிதர், தொட்டிமுன் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார். லோரி ஓட்டிவிட்டு வந்து மீன் அலசினார். உட்கார்ந்துகொண்டு பாத்திரம் கழுவுகிறாரே, வயசாளிபோல நடிக்கிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அம்மா கட்டைவிரலில் தேங்காயெண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் ராணிபோல அமர்ந்திருந்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

“சட்டி அடியில பாருங்க, கருப்பு அப்படியே இருக்கு.”

“அது சட்டியோட கலருடி.”

எதிர்வீட்டு ஆன்டி கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, “அண்ணே, எங்க வீட்டுக்கும் வர்றீங்களா? சம்பளம் பேங்க்லயே போட்டுர்றேன்,” என்றார். அந்த மாடியே சிரித்தது.

தினமும் காலையில் விரலைச் சோதிப்பது என் பொறுப்பு. கைப்பேசி விளக்கை அடித்துக் கண்ணைக் கிட்ட வைத்துப் பார்ப்பேன். முதலில் வெந்த உருளைக்கிழங்குத் தோல்மாதிரி வழுவழுப்பாக இருந்தது. பிறகு ஒரு காலை, ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று. அடுத்தடுத்து இன்னும் சில, ஒன்றை ஒன்று அணைத்தபடி வளைந்து வந்தன. நான் கூச்சலே போட்டுவிட்டேன். அம்மாவின் விரலில் அம்மா திரும்பி வந்துகொண்டிருந்தார். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய அதிசயத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை போனபோது அம்மாவின் கையை அப்பா தன் கைக்குட்டையால் சுற்றிவிட்டிருந்தார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட விடவில்லை. அதே அக்கா, அதே பெட்டி. அம்மா விரலை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பு மின்னியது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை பச்சையானது. ஜாகா வாசலிலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். திரையில் அம்மாவின் பெயரும் அவருடைய அப்பாவின் பெயரும் முழுசாக வந்திருந்தன. அவ்வளவு பெரிய எழுத்தில் தன் பெயரை அம்மா அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். எழுத்துக்கூட்டி ஒருமுறை தனக்குள் படித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, பெருமையில்.

கார்டு கொடுத்தார்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய எண்ணை அழுத்த வேண்டும் என்றார் அந்த அக்கா. “என்னங்க, என்ன நம்பர் போட?” என்று அம்மா கூப்பிட்டார்.

“எனக்குச் சொல்லாத. நீயே போடு. ஒனக்கு மறக்காததா போடு,” என்று சொல்லிவிட்டு, அப்பா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். “திரும்பக் கூடாது,” என்றார். கண்ணாமூச்சி விளையாட்டுபோல எனக்கு ஒரே குஷி. கண்களை இறுக மூடிக்கொண்டேன். என் தலைமேல் இருந்த அவர் கை கனமாக இருந்தது.

அடுத்த தீபாவளிக்கு அப்பா இல்லை. சிறுநீரகம். அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. ஆள் போய்விட்டால் அவர் கணக்கை உடனே நிறுத்திவைத்துவிடுவார்கள், அந்தக் கடிதம் இந்தக் கடிதம் என்று அலைந்து முடித்தால்தான் கை வைக்க முடியும். தாத்தா இறந்தபோது அப்பா அப்படித்தான் மாதக்கணக்கில் அலைந்தாராம். இதை மாமா எங்கள் வீட்டில் கூடியிருந்த எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அடக்கச் செலவுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தது. அம்மா எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, கடைவரிசையில் இருந்த பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு நடந்தார். யாரையும் கேட்காமல் எண்ணை அழுத்தினார்.

பக்கத்தில் நின்ற நான் பழக்கத்தில் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அன்று வங்கியில் கண்ணை மூடாமல் ஒருமுறை நிமிர்ந்திருந்தால், சுவரைப் பார்த்து நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பேன்.