தாமரை எழுந்திருக்காத விருந்து

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டும் ராதாகிருஷ்ணனுக்கு ‘இலேசு ராதா’ என்று பெயர். எந்த வேலையையும் இலேசாக முடிக்க ஒரு வழி உண்டு, அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. லோரியின் பக்கக் கண்ணாடி கழன்று ஆடியபோது ராப்பியா கயிற்றால் கட்டிவிட்டார். வீட்டுப் பின்கதவு மழையில் உப்பிப்போய்த் திறக்க மறுத்தபோது, இனிப் பின்பக்கம் போகவே வேண்டாம் என்று முடிவு செய்தார். மனைவி தாமரை கொஞ்ச நாள் முன்வாசல் வழியாகச் சுற்றிப்போய்த் துணி காயப்போட்டாள். பிறகு அவளே உளியை எடுத்துக் கதவைச் சீவிச் சரிசெய்தாள். கதவு தானாகவே சரியாகிவிட்டதாகத்தான் ராதா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தாமரைக்கு ஐம்பது வயது நிறையப்போகிறது என்று, தானா ராத்தா டவுனில் ஆசிரியையாக இருக்கும் மகள் வாசுகி அம்மாவின் பழைய படங்களைத் தேடிக் கைப்பேசியைக் குடைந்துகொண்டிருந்தாள். காதுகுத்து, கல்யாணம், திருவிழா, தீபாவளி என்று தோட்டத்தில் நடந்த விருந்தெல்லாம் அதில் இருந்தது.

“அப்பா, அம்மா ஒரு படத்துலகூட இல்லப்பா.”

“இருப்பா, நல்லா பாரு.”

வாசுகி கைப்பேசியை நீட்டினாள். எல்லாரும் இலைக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் கரண்டியோடு நீண்டிருந்தது. அடுத்த படத்திலும் அதே கை. அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் விருந்தில், ராதா வாய் நிறைய மீகூன் சேமியாப் பிரட்டலோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய குடை உட்கார்ந்திருந்தது.

ராதா கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். இத்தனை நாள் அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“இந்தப் பொறந்தநாளுக்கு உங்கம்மா உக்காந்து சாப்புடுறா. நீ படம் எடுக்குற. அவள எந்திரிக்க விட்டா நான் மனுஷனே இல்ல,” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான், அப்படியானால் சமைப்பது யார் என்ற கேள்வி மெல்ல எட்டிப் பார்த்தது. தோட்டத்தில் எந்த விருந்தானாலும் சமைப்பது தாமரைதான். அவள் இல்லாமல் ஒரு விருந்து என்பது, அவள் உட்பட, யாருக்கும் தோன்றியதே இல்லை.

ராதா தன் அக்கா பாஞ்சாலையிடம் யோசனை கேட்டார். பாஞ்சாலைக்கு எல்லாம் தெரியும், செய்வதற்குத்தான் முட்டிவலி.

“நாசி லெமாக் சோறு போட்டுரலாமாக்கா? எல்லாருக்கும் புடிக்கும்.”

“அதுக்கு மொளகா சம்பல் யாரு கிண்டுறது? ஒன் லோரியா?”

“கறிபாப்?”

“ஒவ்வொண்ணா மாவுக்குள்ள கெழங்கு வச்சு ஓரத்த மடிக்கணும்டா தம்பி. நீ ஒன் சட்டையவே மடிச்சதில்ல.”

வெளியில் சொல்லி வரவழைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன தீபாவளி உபசரிப்புக்குச் சாப்பாடு கொண்டுவந்த கேட்டரிங்காரரின் குழம்பை ருசி பார்த்த தாமரை, அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். அன்று மாலை வரை அவருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது இந்தத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டாலே அவர் ஊரில் இருப்பதில்லை.

கடைசியில் வழி காட்டியவன் தேயிலை ஆலையில் வேலை செய்யும் மகேன்.

“ஸ்டீம்போட் போடுங்கண்ணே. டூரிஸ்டுங்க எல்லாம் மலையேறி வந்து அதத்தானே சாப்புடுறாங்க? மேசைக்கு நடுவுல அடுப்பு, அடுப்புல சட்டி, சட்டியில சூப்பு. காய், கோழி, மீன் உருண்டை எல்லாத்தையும் வெட்டி அடுக்கிட்டா போதும். அவனவன் போட்டு வேகவச்சு அவனவன் எடுத்துத் தின்னுக்குவான். சமைக்க ஆளே வேணாம்லா!”

சமைக்க ஆளே வேண்டாம். ராதா மகேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் இவ்வளவு இலேசான சாப்பாடு இருப்பதை இத்தனை காலம் தன்னிடம் யாருமே சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்து டேவான் மண்டபத்தில் மேசைகளைப் போட்டு, மேசைக்கு ஒரு அடுப்பும் சட்டியும் வைத்தாயிற்று. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தோட்டம் போட்டிருக்கும் நண்பர் கூடை கூடையாகக் கீரையும் காளானும் அனுப்பியிருந்தார். தாமரை ஊதாப் பட்டுச்சேலையில் வந்தாள். ராதா அவளை முதல் மேசையில், பூ சுற்றிய நாற்காலியில் உட்காரவைத்தார். முன்னால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“இன்னிக்கு நீ நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது.”

“சரிங்க.”

“சாமி மேல சத்தியம் பண்ணு.”

“சத்தியமா எந்திரிக்க மாட்டேன். போதுமா?”

விருந்தாளிகள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். சட்டிகள் கொதித்தன. எல்லாரும் கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தார்கள். சூப்பு மேலும் கொதித்தது. அவர்களும் மேலும் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் ராதாவுக்கு விஷயம் புரிந்தது. பந்தியில் உட்கார்ந்தவன் தன் கையால் எடுத்துப் போட்டுக்கொண்டதாக இந்தத் தோட்டத்தில் சரித்திரமே கிடையாது. பரிமாற ஆள் வரும் என்று அத்தனை பேரும் சமர்த்தாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எடுத்துப் போடுங்க! பச்சையா இருக்கறத உள்ள போடுங்க!” என்று ராதா மேசை மேசையாக ஓடினார்.

“தம்பி, சோறு எங்க?” என்றார் பாஞ்சாலை.

“சோறு இல்லக்கா. இதான் சாப்பாடு.”

“கோழிய சுடுதண்ணியில குளிப்பாட்டித் திங்கவாடா என்னைய வரச்சொன்ன?”

மகேன் வழிகாட்டும் உற்சாகத்தில் தட்டோடு எல்லாவற்றையும் சட்டியில் கவிழ்த்தான். சூப்பு பொங்கி அடுப்பு அணைந்தது. பக்கத்து மேசையில் வெந்ததா வேகவில்லையா என்று ஒரே கோழித்துண்டை ஆளுக்கு ஒருமுறை கடித்துப் பார்த்தார்கள். குழந்தைகள் பிஸ்கட் கேட்டன. ‘வாசமே இல்ல’ என்று யாரோ வீட்டுக்கு ஓடிக் கறித்தூள் டின்னைத் தூக்கிவந்தார்கள்.

பச்சைக் கறித்தூள் வாடை எழுந்ததும் தாமரையின் விரல்கள் துடித்தன. ராதா அதைப் பார்த்துவிட்டார்.

“எந்திரிக்காத!”

“எந்திரிக்கலையே,” என்றாள் தாமரை. உட்கார்ந்தபடியே பாஞ்சாலை பக்கம் கையை நீட்டினாள். “அண்ணி, அந்தக் கரண்டிய இப்புடிக் குடுங்க.”

கெட்டது காரியம். மனைவி அடுப்படிக்குப் போகக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்ட மனிதர், அடுப்பைக் கொண்டுவந்து அவள் மடிக்கு எதிரிலேயே வைத்திருந்தார்.

வெங்காயம் வந்தது, கறிவேப்பிலை வந்தது, யார் வீட்டிலிருந்தோ தேங்காய்ப்பாலும் சோற்றுச் சட்டியும் வந்தன. மற்ற மேசைக்காரர்கள் தங்கள் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு தாமரைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அவள் பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியை விட்டு ஒரு அங்குலம்கூட எழாமல், டேவான் முழுவதற்கும் சமைத்துப் போட்டாள். முட்டிவலி அண்ணியே பரிமாற ஓடினார்.

“ராதாண்ணே, ஸ்டீம்போட்னா இதுலா ஸ்டீம்போட்!” என்று மகேன் மூன்றாவது தட்டோடு வந்தான்.

ராதா முதல் மேசையைப் பார்த்தார். தாமரைக்கு முன்னால் அவர் கவிழ்த்து வைத்த கிண்ணம் இன்னும் கவிழ்ந்தேதான் கிடந்தது. வாசுகி எடுத்த படங்களை எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் கை, கரண்டி, ஆவி. ராதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் விறுவிறுவென்று போய், மனைவி கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார். தாமரை கையிலிருந்து கரண்டியை வாங்கிய மனிதன் அதுவரை இந்த மலையில் இல்லை.

ராதா சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். மிச்சம் இருந்தது கொஞ்சம் மீகூன், ஒரு கைப்பிடி கீரை, ஒரு முட்டை. தண்ணீர் கொதிக்கும் முன்பே மீகூனைப் போட்டார். முட்டையை ஓங்கி உடைத்ததில் ஓடும் உள்ளே போனது. விரலை விட்டு எடுக்கப்போய்ச் சூடுபட்டு “அம்மா!” என்று குதித்தார். தாமரை பதறி எழப்போனாள்.

“உக்காருடி,” என்று பாஞ்சாலை அவள் தோளை அழுத்தினார். “சத்தியம் பண்ணியிருக்க.”

ராதா விரலுக்கு அவசரமாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, கிண்ணத்தை நிமிர்த்தி, உள்ளே ஒரு கட்டியைப் போட்டார். அதற்கு வேறு பெயர் சொல்ல முடியாது. தாமரை எடுத்து வாயில் வைத்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் மெதுவாக மென்றாள். ஏதோ நறுக்கென்றது, முட்டை ஓடு. அதையும் சேர்த்து விழுங்கினாள்.

“உப்பு இல்ல,” என்றாள்.

ராதாவின் முகம் தொங்கிப்போனது.

தாமரை கிண்ணத்தை நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் போடுங்க.”

வாசுகி அந்த நேரத்தில் எடுத்த படம்தான் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஊதாச் சேலை, இரண்டு கன்னமும் உப்பிய வாய், கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. படத்தின் ஓரத்தில் கரண்டி பிடித்த ஒரு கை மட்டும் நீண்டிருக்கிறது. முடி அடர்ந்த கை, சூடுபட்ட விரலில் ராப்பியா கயிற்றால் கட்டுப் போட்டிருக்கிறது.